நாலாயிரம் தீனார் எங்கே?

பாக்தாதிலிருந்து வோல்கா நதிக்கரைக்குப் போன ஒரு தூதுக்குழுவும், வந்து சேராத பணமும்

கி.பி. 922, மே மாதம். வோல்கா நதிக்கரையில் ஆயிரம் பேர் உட்காரக்கூடிய ஒரு கூடாரம். உள்ளே பல்கார் மக்களின் மன்னர் அல்மிஷ். பருத்த உடம்பு, பேசினால் பெரிய ஜாடிக்குள்ளிருந்து வருவது போன்ற குரல். ஒரு வாரத்துக்கு முன்புதான், பாக்தாத் கலீஃபாவின் தூதர்கள் நெருங்கிவிட்டார்கள் என்று கேட்டு இவரே எதிர்கொண்டு போனார். அவர்களைக் கண்டதும் குதிரையிலிருந்து இறங்கித் தரையில் விழுந்து இறைவனுக்கு நன்றி சொன்னார். சட்டைக் கையில் வைத்திருந்த வெள்ளிக் காசுகளை அவர்கள் மேல் தூவினார். கலீஃபாவின் கடிதம் வாசிக்கப்பட்டபோது, அத்தனை பருத்த உடம்போடும் எழுந்து நின்றே கேட்டார்.

இன்று அதே கடிதத்தைத் தூதர் முன்னால் தூக்கி எறிகிறார். இதைக் கொண்டுவந்தது யார் என்று கேட்கிறார். நான்தான் என்கிறார் எதிரே உட்கார்ந்திருப்பவர். அப்படியானால் இதில் எழுதியிருக்கும் பணம் எங்கே?

எதிரே இருந்தவர் பெயர் அஹ்மத் இப்னு ஃபள்லான். பணம் அவரிடம் இல்லை. பணத்துக்கு அவர் பொறுப்பும் இல்லை. கடிதத்தை வாசிப்பது, பரிசுகளைக் கையில் சேர்ப்பது, உடன் வரும் மார்க்க அறிஞர்களை மேற்பார்ப்பது, இவ்வளவுதான் அவருக்கு இட்ட வேலை. ஆனாலும் மன்னர் அவரை விடவில்லை. உன்னோடு வந்த மற்றவர்களை நான் அறியேன், அவர்கள் அரபிகள் அல்லர், உன்னைத்தான் அறிவேன், உன்னிடம்தான் கேட்பேன் என்றார்.

வந்த பரிசுகளையும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாசனைத் திரவியமும் துணியும் முத்தும்தான் வேண்டும் என்றால் என் வேலைக்காரனே போய் வாங்கி வந்திருப்பானே என்று கேட்டார். அவருக்கு வேண்டியது கோட்டை. பல்கார்கள் அப்போது கஸார் அரசுக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்தார்கள், வீட்டுக்கு ஒரு சேபிள் தோல் வீதம். மன்னரின் மகன் கஸார் அரசரிடம் பிணையாக இருந்தான். மன்னரின் மகளைக் கஸார் அரசர் வலுக்கட்டாயமாகக் கொண்டுபோனார். அவள் அங்கேயே இறந்தாள். இறந்ததும் அடுத்த மகளைக் கேட்டு ஆள் அனுப்பினார். அந்தப் பெண்ணை அவசர அவசரமாகப் பக்கத்துச் சிற்றரசர் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு, அல்மிஷ் பாக்தாதுக்கு எழுதினார்: மார்க்கம் கற்பிக்க ஆள் அனுப்புங்கள், பள்ளிவாசல் கட்டித் தாருங்கள், என் எதிரிகளிடமிருந்து என்னைக் காக்க ஒரு கோட்டை கட்ட உதவுங்கள். கலீஃபா சரி என்றார். கோட்டைக்கு 4,000 தீனார் ஒதுக்கினார். கடிதத்திலும் எழுதிக் கொடுத்தார்.

எழுதிக் கொடுத்ததுதான் வினையாயிற்று.

தூதர் என்றால் நமக்கு உடனே மனசில் வருவது மாளிகையும் வரவேற்பும் கைகுலுக்கலும். ஆதி இஸ்லாமிய உலகத்தின் வரலாற்று நூல்களில் தேடினால் கிடைக்கும் ஆள் வேறு மாதிரி. தான் கொடுக்காத வாக்குக்குத் தான் பதில் சொல்ல வேண்டியவர் அவர். இப்னு ஃபள்லானுக்கு நேர்ந்தது தனிப்பட்ட துரதிர்ஷ்டம் அல்ல, அந்தத் தொழிலின் இயல்பே அதுதான். எப்படி என்று பார்க்க முந்நூறு ஆண்டு பின்னால் போக வேண்டும்.

ரசூல் என்ற சொல்

அரபியில் தூதருக்கு 'ரசூல்' என்று பெயர். இறைவன் அனுப்பியவருக்கும் அதே சொல், அரசன் அனுப்பியவருக்கும் அதே சொல். 628ஆம் ஆண்டு மக்காவுக்கு வெளியே ஹுதைபிய்யாவில் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டபோது, முதல் தகராறே அந்தச் சொல்லில்தான் வந்தது. மக்காவின் குறைஷிகளுக்காகப் பேச வந்தவர் சுஹைல் இப்னு அம்ரு. பேச்சில் கெட்டிக்காரர். 'அல்லாஹ்வின் ரசூல் முஹம்மது' என்று ஏட்டில் எழுதப்போனதும் அவர் தடுத்தார். உம்மை ரசூல் என்று நாங்கள் ஒப்புக்கொண்டிருந்தால் உம்மோடு சண்டையே போட்டிருக்க மாட்டோமே, உம் பெயரையும் தகப்பன் பெயரையும் மட்டும் எழுதும் என்றார். எழுதிக்கொண்டிருந்த அலீ, எழுதிய சொல்லை அழிக்க மறுத்தார். நபிகள் நாயகமே அழிக்கச் செய்தார். தொடக்க வரியில் 'ரஹ்மான்' என்ற சொல்லுக்கும் இதே கதிதான்.

பத்தாண்டுப் போர் நிறுத்தம். அதில் ஒரு நிபந்தனை முஸ்லிம்களுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. மக்காவிலிருந்து பாதுகாவலரின் அனுமதியில்லாமல் யார் மதீனாவுக்கு ஓடி வந்தாலும் திருப்பி அனுப்ப வேண்டும். மதீனாவிலிருந்து மக்காவுக்கு ஓடுபவரை மக்கா திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. ஏட்டில் மை காய்வதற்குள் சங்கிலியை இழுத்துக்கொண்டு ஓர் இளைஞர் வந்து விழுந்தார். அபூ ஜந்தல். இஸ்லாத்தை ஏற்றதற்காக வீட்டில் பூட்டப்பட்டவர். பூட்டி வைத்த தகப்பன் வேறு யாருமல்ல, உடன்படிக்கை பேச வந்த அதே சுஹைல்தான். மகனைக் கண்டதும், நம் உடன்படிக்கையின்படி முதலில் திருப்பித் தர வேண்டியவன் இவன் என்றார் சுஹைல். அபூ ஜந்தல் கதறினார். சுற்றி நின்றவர்கள் கொதித்தார்கள். நபிகள் நாயகம் அவரைப் பொறுமையாயிருக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார். வாக்குக் கொடுத்தாயிற்று.

அந்த உடன்படிக்கைக்கு முன்பே ஒரு சம்பவம். பேச்சு வார்த்தைக்காக மக்காவுக்குள் அனுப்பப்பட்ட உஸ்மான் திரும்பி வரத் தாமதமாயிற்று. அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று வதந்தி. உம்ரா செய்ய வந்த கூட்டம் மரத்தடியில் கூடி, போரிட்டே தீருவோம் என்று நபியின் கைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தது. ஒரு தூதரின் உயிர் என்றால் அன்று எவ்வளவு என்பதற்கு அந்த மரத்தடியே கணக்கு. மறு ஆண்டே அது வதந்தியாக இல்லாமல் நிஜமாகவே நடந்தது. நபிகள் நாயகத்தின் கடிதத்தோடு புஸ்ராவுக்குப் போன ஹாரிஸ் இப்னு உமைரை வழியில் கஸ்ஸானியத் தலைவர் ஒருவர் கொன்றார். அதன் பின்தான் 629இல் முஃதா போர். அங்கே அடுத்தடுத்து மூன்று தளபதிகள் மடிந்தார்கள். அவர்களில் ஒருவர் ஜஅஃபர் இப்னு அபீதாலிப். பல ஆண்டுகளுக்கு முன் அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷியின் அவையில் அகதிகளுக்காக வாதாடி, பதனிட்ட தோலைப் பரிசாகக் கொண்டுவந்த மக்காத் தூதர்களை வெறுங்கையோடு திருப்பியவர் அவரே. உமறுப்புலவரின் சீறாப்புராணம் படித்தவர்களுக்கு அந்த அபிசீனியப் பயணம் புதிதல்ல.

எதிரியின் தூதருக்கும் இதே பாதுகாப்பு உண்டா? உண்டு. தானும் நபி என்று யமாமாவில் கிளம்பிய முஸைலிமா இரண்டு பேரை மதீனாவுக்கு அனுப்பினார். அவர்கள் சபையிலேயே முஸைலிமாவின் பக்கம் பேசினார்கள். தூதர்களைக் கொல்லலாகாது என்ற வழக்கம் மட்டும் இல்லாதிருந்தால் உங்கள் தலையை எடுத்திருப்பேன் என்ற பொருளில் நபிகள் நாயகம் சொல்லி விட்டுவிட்டார். இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அபூ ராஃபிவின் கதை. குறைஷிகளின் தூதராக வந்தவர், வந்த இடத்தில் மனம் மாறி, இனித் திரும்ப மாட்டேன் என்றார். சேர்த்துக்கொள்வதற்கு என்ன தடை? ஆனால் நபிகள் நாயகம் மறுத்தார். வந்த தூதரை நிறுத்தி வைத்துக்கொள்வது ஒப்பந்த மீறல். முதலில் போய்ச் சேர், அங்கே போன பிறகும் மனம் இப்படியே இருந்தால் திரும்பி வா என்றார். தன் மதத்துக்கு வர விரும்பியவரையே தூதர் என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பிய வழக்கம் இது.

இந்தப் பாதுகாப்புக்கு 'அமான்' என்று பெயர். பத்திரமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருளைத் தமிழ் முஸ்லிம் வீடுகளில் அமானிதம் என்பார்கள். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். தூதரும் ஓர் அமானிதம்தான்.

முத்திரையும் யானையும்

பக்கத்துப் பேரரசர்களுக்குக் கடிதம் அனுப்ப நினைத்தபோது, முத்திரையில்லாத கடிதத்தை அவர்கள் தொடவே மாட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். நபிகள் நாயகத்துக்கு வெள்ளி மோதிரம் ஒன்று செய்யப்பட்டது. மூன்று வரிகளில் மூன்று சொற்கள். கடிதங்கள் கிளம்பின. பைசாந்தியப் பேரரசர் ஹெராக்ளியஸுக்குத் திஹ்யா அல்-கல்பீ, பாரசீகத்தின் குஸ்ரூவுக்கு அப்துல்லாஹ் இப்னு ஹுதாஃபா, எகிப்தின் முகவ்கிஸுக்கு ஹாதிப் இப்னு அபீ பல்தஆ. குஸ்ரூ கடிதத்தைக் கிழித்தார் என்கிறது மரபு. முகவ்கிஸ் பரிசுகளோடு பதில் அனுப்பினார். கடிதங்களின் வாசகத்தைப் பற்றி ஆய்வாளர்களிடையே இன்றும் வாதம் நடக்கிறது. ஆனால் அரபுத் தூதர் என்ற உருவம் உருவானது அந்தக் கடிதங்களின் கதைகளில்தான்: கையில் ஒரு மடித்த தோல், பின்னால் படை கிடையாது, எதிரே ஒரு பேரரசு.

போகப் போகத் தூதருக்குக் கல்வியும் வேண்டியதாயிற்று. உமையாக் கலீஃபா அப்துல் மலிக், கூஃபா நகரத்துச் சட்ட அறிஞர் ஷஅபீயைக் கான்ஸ்டான்டிநோபிளுக்கு அனுப்பினார். அவர் திரும்பும்போது பேரரசர் ஒரு சீட்டைக் கொடுத்து விட்டாராம். இப்படி ஒருவர் இருக்கும்போது அரபிகள் வேறொருவரை அரசராக வைத்திருப்பது வியப்பு என்று அதில் எழுதியிருந்தது. படித்த அப்துல் மலிக் சிரித்துவிட்டு, உம்மை என்னிடம் விட்டுவைக்க அவருக்குப் பொறாமை, என் கையாலேயே உம்மைக் கொல்லப் பார்க்கிறார் என்றாராம். கதையோ நடப்போ, தூதர் இரண்டு பக்கமும் கூர் உள்ள கத்தி என்பதை அந்தக் காலத்தார் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

ஹாரூன் அல்-ரஷீதுக்கும் பிராங்கியப் பேரரசர் சார்லமேனுக்கும் நடந்த தூது ஐரோப்பாவில் பலருக்கும் தெரிந்த கதை. 797இல் சார்லமேன் மூன்று பேரை அனுப்பினார். லான்ட்ஃப்ரீத், சிகிமுந்து என்ற இருவர் பயணத்திலேயே இறந்துபோனார்கள். மூன்றாமவரான ஐசக் என்ற யூதர் மட்டும் திரும்பினார், ஒரு யானையோடு. அபுல் அப்பாஸ் என்ற அந்த யானை 802 ஜூலையில் ஆஹன் நகரத்துக்குள் நடந்து வந்தது. பிராங்கிய ஆண்டுக் குறிப்புகள் யானை செத்த ஆண்டைக்கூட (810) விடாமல் பதிந்திருக்கின்றன. பாக்தாதின் வரலாற்று நூல்களிலோ இந்த யானையும் இல்லை, இந்தத் தூதும் இல்லை. பிராங்கியர்களுக்கு அது தலைமுறை தலைமுறையாகப் பேசும் நிகழ்ச்சி. பாக்தாதுக்கு அது வாசலுக்கு வந்துபோன பல பேரில் ஒருவர்.

எல்லாத் தூதும் யானையாகவும் முத்தாகவும் இருந்ததில்லை. 1972இல் நூபியாவின் கஸ்ர் இப்ரீம் கோட்டையில் தோண்டியபோது ஒரு பாப்பிரஸ் கடிதம் கிடைத்தது. இன்று அந்த இடம் நாசர் ஏரி நடுவே தீவாக நிற்கிறது. 758இல் எகிப்தின் ஆளுநர் மூஸா இப்னு கஅப் நூபிய மன்னருக்கு எழுதிய கடிதம் அது. நூறு ஆண்டுக்கு முன் போட்ட ஒப்பந்தப்படி ஆண்டுதோறும் நூபியா அடிமைகளை அனுப்ப வேண்டும். நீங்கள் அனுப்புவது ஒற்றைக் கண்ணர்கள், நொண்டிகள், கிழவர்கள், சிறுவர்கள் என்று ஆளுநர் புகார் சொல்கிறார். எங்கள் வியாபாரிகளுக்கு அங்கே பாதுகாப்பில்லை என்கிறார். கொடுக்கல் வாங்கல் கணக்குச் சண்டை. மனிதர்களைத் தரம் பார்த்துக் குறை சொல்லும் அந்த எழுத்தின் நிதானம் இன்று படிப்பவரை நடுங்க வைக்கும். ராஜதந்திரத்தின் அன்றாடம் பெரும்பாலும் இப்படித்தான் இருந்திருக்கும்.

இன்னொரு இடம், இன்றைய துருக்கியின் தென்கரையில் லாமிஸ் என்ற சிற்றாறு. பைசாந்தியர்களும் அப்பாசியர்களும் போர்க் கைதிகளை மாற்றிக்கொண்ட இடம். 845இல் ஆற்றின் மேல் இரண்டு பாலம் போட்டார்கள். இந்தப் பக்கமிருந்து ஒரு கிறிஸ்தவர் அந்தப் பாலத்தில், அந்தப் பக்கமிருந்து ஒரு முஸ்லிம் இந்தப் பாலத்தில். கரை சேர்ந்ததும் இங்கே தக்பீர் முழங்கும், அங்கே அவர்கள் மொழியில் பிரார்த்தனை. நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படி வீடு திரும்பினார்கள். ஆனால் கலீஃபா வாஸிக்கின் அதிகாரிகள் பாலத்தடியில் நின்று, வந்த ஒவ்வொரு முஸ்லிமிடமும் குர்ஆன் படைக்கப்பட்டதா என்ற கேள்வியைக் கேட்டார்கள். அன்றைய அரசுக் கொள்கைப்படி ஆம் என்று சொல்ல வேண்டும். சொல்லாதவரை மீட்காமல் அங்கேயே விட்டார்கள். எதிரி விடுவித்தவனை வீட்டுக்காரன் சேர்க்கவில்லை.

23 மாளிகைகள் வழியாக

இனி பாக்தாதுக்கு வருவோம். இப்னு ஃபள்லான் கிளம்புவதற்கு நான்கு ஆண்டு முன்பு, 917இல், பைசாந்தியத்திலிருந்து இரண்டு தூதர்கள் வந்தார்கள். யோவான் ரதினோஸ், மிக்காயேல் தொக்சாராஸ். அனுப்பியவர் அரசி ஸோயி. சிறு பிள்ளையான மகனுக்காக ஆட்சி நடத்திக்கொண்டிருந்தவர். பால்கனில் பல்காரிய மன்னர் சிமியோன் அவரை நெருக்கிக்கொண்டிருந்தார். கிழக்கில் அரபிகளோடு சமாதானம் ஆனால் அங்கிருக்கும் படையை மேற்கே திருப்பலாம். தேவை அவசரம்.

அவசரம் என்று தெரிந்ததால்தானோ என்னவோ, பாக்தாத் அவசரப்படவே இல்லை. தூதர்களைத் திக்ரீத்தில் இரண்டு மாதம் நிறுத்தினார்கள். நகரத்துக்குள் வந்த பிறகு ஒரு மாளிகையில் வைத்து மேலும் இரண்டு மாதம். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, கலீஃபாவைப் பார்க்க மட்டும் அனுமதியில்லை. அரண்மனை அலங்காரம் இன்னும் முடியவில்லையாம்.

அலங்காரம் முடிந்தது. அன்று நடந்ததைக் கதீப் அல்-பக்தாதீ பின்னால் பட்டியலாகவே எழுதி வைத்தார். தங்கியிருந்த மாளிகையிலிருந்து அரண்மனை வரை தெருவின் இரு பக்கமும் குதிரைப்படையும் காலாட்படையுமாக 1,60,000 பேர். அரண்மனைக்குள் 38,000 திரைச்சீலைகள். அவற்றில் 12,500 தங்கச் சரிகை போட்டவை. தரையில் 22,000 விரிப்புகள். ஒரு முற்றத்தில் வலப்பக்கம் 500 குதிரை, இடப்பக்கம் 500 குதிரை. இன்னொன்றில் நான்கு யானைகள், ஒவ்வொன்றின் மேலும் சிந்து நாட்டார் எட்டுப் பேர், கூடவே தீ எறிபவர்கள். மற்றொன்றில் சங்கிலியில் கட்டிய 100 சிங்கங்கள். ஒரு தோட்டத்தில் தண்ணீருக்குப் பதில் ஈயம் பளபளக்கும் குளம். பிறகு அந்தப் புகழ்பெற்ற மரம்: 5,00,000 திர்ஹம் எடை வெள்ளியில் செய்தது, 18 கிளைகள், கிளைகளில் பொன்னாலும் வெள்ளியாலுமான பறவைகள், காற்று வந்தால் கூவும். எண்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் பார்ப்பவர் இப்படி எண்ணி எண்ணி மலைக்க வேண்டும் என்பதற்காகவே அது நடத்தப்பட்டது. மூன்று நூற்றாண்டு கழித்தும் எழுத்தாளர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

23 மாளிகைகள் வழியாக நடத்திக்கொண்டு போனார்கள். நடுவில் ஏழு இடத்தில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்களாம். முதலில் ஒரு பெரிய மனிதரின் சபையைக் கண்டு தூதர்கள் நடுங்கிப் பணிந்தார்கள். அவர் கலீஃபா அல்லர், வாயிற்காவல் தலைவர் நஸ்ர். அடுத்து அதைவிடப் பெரிய சபை. இவர்தான் சந்தேகமில்லை என்று நினைத்தார்கள். அவர் தலைமை அமைச்சர் இப்னுல் ஃபுராத். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் கருங்காலி ஆசனத்தில் கலீஃபா அல்-முக்ததிர். அப்போது வயது இருபத்திரண்டுதான் இருக்கும். 13 வயதில் பட்டத்துக்கு வந்தவர். ஆட்சியின் கயிறு தாயார் ஷகபின் கையில் என்று எல்லோருக்கும் தெரியும். தூதர்கள் கை கட்டி நின்றார்கள். விரிப்பை முத்தமிட வேண்டுமா வேண்டாமா என்பதே அங்கே ஒரு பேச்சாக இருந்தது. இருநூறு ஆண்டுக்கு முன்பு சீனாவின் தாங் அரசவையிலும் அரபுத் தூதர் தரையில் விழ மறுத்து, பேரரசர் அதைப் பெருந்தன்மையாக விட்டதாகச் சீன நூல்கள் சொல்கின்றன. குனிவதா, எவ்வளவு குனிவது என்பதில் ஒரு நாட்டின் மானமே அடங்கியிருந்த காலம்.

வேலை நடந்தது. போர் நிறுத்தம் ஒப்புக்கொள்ளப்பட்டது. கைதிகளை மீட்கத் தளபதி முஃனிஸிடம் 1,20,000 தீனார் கொடுக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். தூதர்களுக்குப் பரிசாக 50 பண மூட்டை, மூட்டைக்கு 5,000 திர்ஹம். ஆக 2,50,000 திர்ஹம். தீனாருக்குப் பதினைந்து திர்ஹம் என்று வைத்தால்கூட 16,000 தீனாருக்கு மேல் வருகிறது. வந்து பார்த்துவிட்டுப் போனவர்களுக்குக் கொடுத்தது, அல்மிஷ் கேட்ட கோட்டையைப் போல நான்கு.

அரசி ஸோயிக்கு அந்தச் சமாதானம் பெரிதாக உதவவில்லை. கிழக்கிலிருந்து திருப்பிய படையையும் சேர்த்துக்கொண்டு போன சேனை, அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று அகெலோஸ் ஆற்றங்கரையில் சிமியோனிடம் நொறுங்கியது.

பதினேழு சாண் பனிக்கட்டி

அடுத்த ஆண்டே, 918இல், இப்னுல் ஃபுராத் பதவி பறிக்கப்பட்டுச் சிறைக்குப் போனார். பாக்தாதில் அமைச்சர் விழுந்தால் சொத்து அரசுக்கு. அவருடைய நிலங்களில் ஒன்று தொலைதூர குவாரஸ்மில் இருந்தது. அதன் வருமானத்திலிருந்து 4,000 தீனாரை எடுத்துப் பல்கார் மன்னருக்குக் கொடுப்பது என்று 921இல் முடிவாயிற்று. அதாவது, பாக்தாத் கருவூலத்திலிருந்து ஒரு காசும் எடுத்து வைக்கவில்லை. பைசாந்தியத் தூதர்கள் கலீஃபா என்று நினைத்துப் பணிந்த அதே மனிதரின் பறிக்கப்பட்ட நிலத்தின் மேல், வெகு தொலைவில் மாற்றிக்கொள்ளும்படி ஒரு சீட்டு. அவ்வளவுதான்.

அந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஃபள்ல் இப்னு மூஸா என்ற கிறிஸ்தவ முகவர். அவரிடமிருந்து நிலத்தை வாங்கிப் பணத்தைத் தர வேண்டியவர் அஹ்மத் இப்னு மூஸா அல்-குவாரஸ்மீ. தூதுக்குழு 921 ஜூன் 21 அன்று கிளம்பியது. அஹ்மத் பின்னால் வருவதாக ஏற்பாடு. ஃபள்ல் சும்மா இருக்கவில்லை. இன்ன அடையாளமுள்ள ஆள் வந்தால் பிடித்து வையுங்கள் என்று குராசான் பாதையெங்கும் கடிதம் போட்டார். மர்வு நகரத்தில் அஹ்மத் விலங்கு மாட்டப்பட்டார். கலீஃபாவின் ஆணையை ஒரு பண்ணைக் கணக்கப்பிள்ளை நிறுத்திவிட்டார். வெள்ளி மரத்தில் பறவை கூவிய அரசின் கை எவ்வளவு தூரம் நீண்டது என்று பார்க்க இதைவிட வேறு அளவுகோல் வேண்டாம்.

புகாராவில் 28 நாள் காத்திருந்தார்கள். அஹ்மத் வரவில்லை. குளிர்காலம் வந்துவிடும், போவோம், அவர் வந்து சேர்ந்துகொள்வார் என்றார்கள் உடன் வந்தவர்கள். ஜுர்ஜானிய்யா நகரத்தில் குளிர் பிடித்துக்கொண்டது. ஜைஹூன் ஆறு உறைந்து 17 சாண் கனத்துக்குக் கல்லாகியது; அதன் மேல் வண்டி ஓடியது. வீட்டுக்குள் வீடாகக் கம்பளிக் கூடாரம் போட்டுப் போர்வை மேல் போர்வை போர்த்தியும், தூங்கி எழுந்தால் கன்னம் தலையணையோடு ஒட்டிக்கொண்டதாக எழுதுகிறார் இப்னு ஃபள்லான். குளித்துவிட்டு வெளியே வந்தால் தாடி பனிக்கட்டி. பாக்தாத்காரருக்கு இது எப்படி இருந்திருக்கும்!

மூன்று மாதம் கழித்துக் கிளம்பும் நேரத்தில், பாக்தாதிலிருந்து வந்த மார்க்க அறிஞரும் ஆசிரியரும் பயந்துபோய் நின்றுவிட்டார்கள். அப்போது இப்னு ஃபள்லான் தன் கூட்டாளிகளிடம் சொன்னது முக்கியம். கடிதத்தில் 4,000 தீனார் என்று எழுதியிருக்கிறது. மன்னரின் ஆளும் நம்மோடு வருகிறான், அவனுக்கும் தெரியும். நாம் போய் நின்றதும் அவர் கேட்பார் என்றார். கேட்க மாட்டார், பயப்படாதீர் என்றார்கள். கேட்பார் என்றார் இவர். யாரும் காது கொடுக்கவில்லை.

ஸ்டெப்பிச் சமவெளியில் ஒகூஸ் துருக்கியர் ஏழு நாள் இவர்களை வைத்துக்கொண்டு ஆலோசித்தார்கள். இப்படி ஒரு தூதர் இந்த வழியாக வந்ததே இல்லை, இது ஏதோ சூழ்ச்சி என்றார் ஒருவர். இரண்டாக வெட்டிவிடலாம் என்று ஒரு யோசனை, துணியை உரித்துவிட்டு விரட்டலாம் என்று இன்னொன்று, கஸார்களிடம் கொடுத்துவிட்டு நம் கைதிகளை மீட்கலாம் என்று மற்றொன்று. மதீனாவில் நிலைத்திருந்த அந்த அமான் இங்கே யாருக்கும் கட்டுப்பாடு அல்ல. கடைசியில் கொஞ்சம் துணியும் பிற பரிசுகளும் கொடுத்துத் தப்பினார்கள்.

ஜுர்ஜானிய்யாவிலிருந்து 70 நாள் பயணம் முடிந்து வோல்காக் கரைக்கு வந்ததும் நடந்ததுதான் தொடக்கத்தில் சொன்னது.

இரண்டு கேள்விகள்

கடிதத்தை எறிந்த பிறகும் அல்மிஷ் விடவில்லை. தொழுகைக்கு முந்திய இகாமத்தின் வாசகங்களை அவருடைய முஅத்தின் இரண்டிரண்டு முறை சொல்லி வந்தார். கலீஃபாவின் ஊரில் ஒரு முறைதான் என்று இப்னு ஃபள்லான் திருத்தியிருந்தார். பணம் வராது என்று தெரிந்ததும் மன்னர் மறுபடி இரண்டு முறை என்று மாற்றினார். இவர் கத்தினார். அப்போது மன்னர் மொழிபெயர்ப்பாளர் வழியாக ஒரு கேள்வி கேட்டார். ஒருவர் இரண்டு முறை சொல்கிறார், ஒருவர் ஒரு முறை சொல்கிறார், இருவர் தொழுகையும் கூடுமா? கூடும். இதில் கருத்து வேறுபாடு உண்டா, எல்லோரும் ஒத்துக்கொண்டதா? எல்லோரும் ஒத்துக்கொண்டது. சரி, சுற்றி வளைக்கப்பட்டு அடிமைப்பட்டுக் கிடக்கும் எளிய மக்களுக்கென்று ஒருவர் பணம் கொடுத்தனுப்ப, கொண்டுவந்தவர்கள் மோசம் செய்தால் அது கூடுமா? கூடாது. கருத்து வேறுபாடு உண்டா? இல்லை, எல்லோரும் ஒத்துக்கொண்டது.

ஃபிக்ஹ் என்ற மார்க்கச் சட்டம் படித்தவரை ஃபிக்ஹாலேயே மடக்கினார், இன்னும் எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்டிருந்த ஒரு புது முஸ்லிம்.

பிறகு அவர் சொன்னது இன்னும் கனமானது. கலீஃபாவின் படை இங்கே வந்து என்னைப் பிடிக்க முடியுமா? முடியாது. குராசான் அமீரின் படை? முடியாது. இத்தனை தொலைவில் இருக்கும் நானே, என்னைப் பற்றி ஏதாவது கேள்விப்பட்டு அவர் மனம் கசந்து சபித்துவிடுவாரோ என்று அஞ்சுகிறேன். நீங்களோ அவர் ரொட்டியைத் தின்கிறீர்கள், அவர் துணியை உடுத்துகிறீர்கள், தினம் அவர் முகத்தைப் பார்க்கிறீர்கள். அவர் உங்களை நம்பி அனுப்பிய காரியத்தில் மோசம் செய்துவிட்டீர்கள். தூதுக்குழுவில் யாருக்கும் பதில் இல்லை. அந்தக் கணத்தில் யார் கலீஃபாவின் உண்மையான ஆள் என்று கேட்டால், என் வாக்கு அல்மிஷுக்கு.

விசித்திரம் என்னவென்றால் அந்த நாளிலிருந்து மன்னர் இப்னு ஃபள்லானைத் தனியாக மதித்தார். மற்றவர்களை ஒதுக்கிவிட்டு, உண்மை பேசுபவர் என்ற பொருளில் அவருக்கு அபூபக்ர் அஸ்-ஸித்தீக் என்று பெயரிட்டழைத்தார். ஒருநாள் இவர் மெல்லக் கேட்டார்: உங்களிடம் இவ்வளவு நிலமும் செல்வமும் இருக்கிறதே, இந்தப் பணத்தைப் போய் ஏன் கேட்டீர்கள்? வெள்ளியிலோ பொன்னிலோ கோட்டை கட்ட நினைத்தாலும் என்னால் முடியும். நேர்மையாக வந்த கலீஃபாவின் பணத்தில் உள்ள பரக்கத்துக்காகக் கேட்டேன் என்றார் மன்னர். அது எந்த நிலத்தின் பணம், யாரிடமிருந்து பிடுங்கியது என்று இப்னு ஃபள்லான் அவரிடம் சொன்னாரா? அவர் அதை எழுதவில்லை.

இன்று உலகம் இப்னு ஃபள்லானை அறிவது அவர் அந்தப் பயணத்தில் கண்டு எழுதிய ரூஸ் வணிகரின் கப்பல் சிதைக்காக. மைக்கேல் கிரைட்டன் அதை நாவலாக்கினார். 1999இல் அன்டோனியோ பண்டேராஸ் நடித்த ஹாலிவுட் படம் வந்தது. படத்தில் அவர் வாளெடுத்துச் சண்டை போடுகிறார். நிஜத்தில் அவர் வாளெடுக்கவில்லை, கடன்காரன் போலத் தலைகுனிந்து நின்றார். எனக்கு இந்த இரண்டாமவர்தான் வீரராகத் தெரிகிறார். தான் அவமானப்பட்டதை, தன் அரசு வாக்குத் தவறியதை, ஒரு தூதர் தன் கையாலேயே விவரமாக எழுதி வைப்பது எந்தக் காலத்திலும் அபூர்வம்.

அல்மிஷின் நாடு இன்றைய ரஷ்யாவின் தத்தாரிஸ்தான். அவர் இஸ்லாத்தை அரச மதமாக்கிய 1,100ஆவது ஆண்டை 2022இல் அங்கே விழாவாகவே கொண்டாடினார்கள். கலீஃபா முக்ததிர் 932இல் தன் தளபதி முஃனிஸின் படையோடு மோதிக் கொல்லப்பட்டார். இப்னு ஃபள்லான் எப்படி ஊர் திரும்பினார் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. 1923இல் ஈரானின் மஷ்ஹத் நகரத்தில் ஸெகி வெலிதி தோகான் கண்டெடுத்த கையெழுத்துப் பிரதி, கஸார்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அறுந்து நிற்கிறது. கையில் கிடைத்திருக்கும் பக்கங்களில் 4,000 தீனார் வந்து சேர்ந்ததாக ஒரு வரியும் இல்லை.